இலவச இதழ் என்கிறார்கள், அப்புறம் எதற்குக் கார்டு எண்?

அமெரிக்காவுக்குப் போன புதிதில் பலருக்கும் நடப்பது இது. தபால்பெட்டியைத் திறந்தால் பளபள அட்டையோடு ஒரு கோல்ஃப் பத்திரிகை கிடக்கும். வீட்டில் யாருக்கும் கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது, ஆனால் முகவரிச் சீட்டில் பெயர் இனிஷியலோடு பிசகில்லாமல் அச்சாகியிருக்கும். எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் மெல்லப் பிடிபடும். டிவி வாங்கிய கடையில் பில் போடும்போது ஏதோ கேட்டார்கள், தலையாட்டினோம். அல்லது காலாவதியாகப் போகிற விமான மைல்களை, அதாவது விமானக் கம்பெனி தரும் பரிசுப் புள்ளிகளை, வீணாக்க வேண்டாம் என்று எதையோ டிக் செய்தோம், இல்லையென்றால் ஏதோ ஒரு சர்வேயை நிரப்பினோம். இப்படி வரும் இதழ்களில் பாதி நிஜமாகவே இலவசம், ஒரு வருடம் வந்துவிட்டுத் தானாக நின்றுபோகும். மீதிதான் அடுத்த வருடம் கார்டு ஸ்டேட்மென்ட்டில் தலைகாட்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. அதற்கு முன் எதற்காக ஒருவர் நமக்குச் சும்மா பத்திரிகை அனுப்ப வேண்டும் என்பது புரிய வேண்டும், ஏனென்றால் 'சும்மா கொடுத்தால் அது மோசடிதான்' என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டுவதும் தப்பு.

அமெரிக்க அச்சுப் பத்திரிகைகளின் வருமானத்தில் பெரும்பங்கு நெடுங்காலமாக விளம்பரத்திலிருந்துதான் வந்தது. விளம்பரதாரருக்குப் பத்திரிகை ஒரு வாக்குக் கொடுக்கும், எங்கள் இதழ் இத்தனை லட்சம் பேர் கைக்குப் போகும் என்று. விளம்பர விலை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயம் ஆகும், எண்ணிக்கை குறைந்தால் பத்திரிகைதான் ஈடுகட்ட வேண்டும். இதைச் சரிபார்க்கவே 1914-ல் ஒரு தணிக்கை அமைப்பை உண்டாக்கினார்கள், 2012 முதல் அதற்கு அலையன்ஸ் ஃபார் ஆடிட்டட் மீடியா என்று பெயர். ஆக, வாக்குக் கொடுத்த எண்ணிக்கைக்குப் பத்தாயிரம் பிரதி குறைகிறது என்றால் அந்தப் பத்தாயிரத்தை யாருக்காவது அடிமாட்டு விலைக்கோ சும்மாவோ அனுப்பிவிடுவது பத்திரிகைக்கு லாபம்தான். கூடுதல் பிரதியை அச்சடித்து அனுப்பும் செலவு, விளம்பரத்தில் இழக்கப் போவதோடு ஒப்பிட்டால் சொற்பம். துறை சார்ந்த இதழ்கள் இன்னும் வெளிப்படையாகவே இலவசம். பொறியாளர், மருத்துவர், கணினி நிர்வாகி என்று ஒரு படிவத்தில் உங்கள் வேலையையும் பதவியையும் நிரப்பிக் கொடுத்தால் மாதாமாதம் வரும். உங்களைப் போன்றவர்களிடம் விற்க ஆசைப்படுகிற கம்பெனிகள் செலவைப் பார்த்துக்கொள்ளும். இந்த வகையில் கார்டு எண்ணே கேட்க மாட்டார்கள். நீங்கள் கொடுக்கும் விலை உங்கள் விவரம். அது பரவாயில்லையா என்பது அவரவர் விருப்பம், நானாக இருந்தால் வேலையிட முகவரியைக் கொடுப்பேன்.

கார்டு எண் கேட்கும்போதுதான் கதை மாறுகிறது.

இந்தக் கதையின் வேர் பத்திரிகையில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. 1926-ல் அமெரிக்காவில் புக் ஆஃப் த மன்த் கிளப் தொடங்கியது. மாதம் ஒரு புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். நாளடைவில் இந்த மாதிரிக் கிளப்புகளில் நிலைத்துப்போன ஏற்பாடு இதுதான்: முதலில் ஒரு கடிதம் வரும், இந்த மாதம் இந்தப் புத்தகம், வேண்டாம் என்றால் இன்ன தேதிக்குள் எழுதுங்கள். எழுதாவிட்டால் புத்தகம் வந்துவிடும், கூடவே பில்லும். இசைத்தட்டுக் கிளப்புகளும் பின்னால் இதே வழியில் போயின. மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் கல்யாணப் பேச்சில் சொல்வார்களே, அதையே வியாபார ஒப்பந்தமாக்கி விட்டார்கள். சம்மதம் என்று ஒரு தடவை சொன்னால் போதும், அதற்கப்புறம் நீங்கள் பேசாமல் இருப்பதெல்லாம் ஆர்டர். புகார்கள் பெருகிய பிறகு 1973-ல் வியாபார முறைகேடுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது எஃப்.டி.சி, இதற்கென ஒரு விதி கொண்டுவந்தது. சேரும்போதே நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் குறைந்தது 10 நாள் கொடுக்க வேண்டும் என்றது.

ஆனால் அந்தக் காலத்து ஏற்பாட்டில் வாங்குபவருக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. பில் வந்தாலும் காசோலை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிப் பணத்தை அனுப்ப வேண்டியவர் அவர்தான். பத்திரிகை சந்தாவும் அப்படியே. 'முதல் இதழ் இலவசம், பிடிக்கவில்லையென்றால் பில்லில் வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள், வந்த இதழை நீங்களே வைத்துக்கொள்ளலாம்' என்ற அட்டைகள் பழைய அமெரிக்க இதழ்களின் நடுவிலிருந்து பொலபொலவென்று உதிரும். அதை மறந்துபோனால் பில் மேல் பில் வரும், பிறகு கடன் வசூல் தொனியில் கடிதம் வரும், எரிச்சல்தான். இருந்தாலும் காசு உங்கள் பையில்தான் இருக்கும்.

சந்தா முடிந்த வாசகரிடம் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்புவது பத்திரிகைகளுக்குப் பெரிய செலவு, அப்படியும் பாதிப் பேர் அசைய மாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் மைக்கேல் லோப், ஜே வாக்கர் என்ற இருவர் நியூசப் சர்வீசஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதுதான் பிறகு சினாப்ஸ் ஆனது. இந்த வாக்கர்தான் பின்னால் பிரைஸ்லைன் என்ற பயண முன்பதிவுத் தளத்தைத் தொடங்கியவர். வழி ரொம்ப எளியது. சந்தாவைக் கிரெடிட் கார்டில் வாங்கு, வாசகர் நிறுத்தச் சொல்லும் வரை வருடா வருடம் அதே கார்டில் எடுத்துக்கொண்டே இரு. கடிதச் செலவு மிச்சம், ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியவர் யாருமில்லை. சோம்பல் இதுவரை பத்திரிகைக்கு எதிராக வேலை செய்தது, இனி பத்திரிகைக்காக வேலை செய்யும். கடைகளின் பில் கவுன்டர், கார்டு கம்பெனியின் கடித உறை, விமான மைல் என்று எங்கெல்லாம் கார்டு கைமாறுகிறதோ அங்கெல்லாம் இந்தச் சந்தா போய் உட்கார்ந்தது. கடைசியில் டைம் பத்திரிகையை நடத்திய டைம் இன்க் நிறுவனமே சினாப்ஸை வாங்கிக்கொண்டது. அதே டைம் இன்க், தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களை விற்ற விதத்துக்காக 2006-ல் 23 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களோடு சமரசம் செய்து, வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

இதைவிட மோசமான ஒன்று இணையத்தில் நடந்தது. நீங்கள் ஒரு தளத்தில் பூங்கொத்தோ விமான டிக்கெட்டோ வாங்கி முடிக்கும் தறுவாயில், 'அடுத்த முறை 10 டாலர் தள்ளுபடி, இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு பெட்டி வரும். அழுத்தி மின்னஞ்சலைக் கொடுத்தால் முடிந்தது, இன்னொரு கம்பெனியின் மாதக் கட்டண உறுப்பினர் ஆகிவிட்டீர்கள். கார்டு எண்ணை நீங்கள் அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கவே இல்லை, முதல் கடை உங்களைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடும். அமெரிக்க செனட்டின் வணிகக் குழு 2009-ல் விசாரித்தபோது அஃபினியன், வெர்ட்ரூ, வெப்லாயல்டி என்ற மூன்று நிறுவனங்கள் மட்டும் இந்த வழியில் 140 கோடி டாலருக்கு மேல் பார்த்திருப்பது தெரியவந்தது. அதன் விளைவாக 2010 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது, சுருக்கமாக ரோஸ்கா என்பார்கள். கார்டு எண்ணை இப்படிக் கைமாற்றுவதற்குத் தடை. இணையத்தில் தானாகத் தொடரும் கட்டணம் எதுவானாலும் கார்டு விவரம் வாங்குவதற்கு முன்பே நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி வேண்டும்.

எளிய வழி என்றால் எது எளியது? இதில்தான் இன்றுவரை இழுபறி. சேர்வதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்குத் தொலைபேசி, அதுவும் வேலை நேரத்தில் மட்டும், எடுப்பவர் 'போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறேன்' என்று கால் மணி நேரம் பேசுவார். இது பத்திரிகைகளோடு நிற்கிற வழக்கமும் இல்லை. அமேசான் நிறுவனம் பிரைம் உறுப்பினர்கள் விலகும் பாதைக்கு உள்ளுக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்ததாக 2023 ஜூனில் எஃப்.டி.சி தொடுத்த வழக்கில் சொன்னது. முடிவே இல்லாமல் நீளும் கிரேக்கப் போர்க் காவியம் அது. நம் ஆட்கள் வைத்திருந்தால் மகாபாரதம் என்று வைத்திருப்பார்கள். 2025 செப்டம்பரில் அந்த வழக்கு 250 கோடி டாலரில் சமரசமானது, 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்கு. ஒரு சொடுக்கில் சேர்ந்தால் ஒரு சொடுக்கில் விலகவும் முடிய வேண்டும் என்று எஃப்.டி.சி 2024 அக்டோபரில் ஒரு பொது விதி கொண்டுவந்தது. நடைமுறைக்கு வர ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், 2025 ஜூலையில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி தப்பு என்று சொல்லவில்லை, விதி செய்யும்போது போட்டிருக்க வேண்டிய பூர்வாங்கப் பொருளாதாரக் கணக்கை எஃப்.டி.சி போடாமல் விட்டது என்பதுதான் காரணம். ரோஸ்கா அப்படியே இருக்கிறது, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் சொந்தச் சட்டங்களும் இருக்கின்றன. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. இணையத்தில் இந்த மாதிரித் தொடர் ஒப்பந்தங்களை விற்கும் தளங்களில் விலகும் பொத்தான் கண்ணில் படும்படி இருந்தே ஆக வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் அங்கே சட்டம்.

இவ்வளவு தெரிந்தபின் ஒரு சலுகையைப் படிப்பது சுலபம். 'இலவசம்' என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, 'நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை', 'அப்போது அமலில் இருக்கும் விலையில்' என்கிற அர்த்தத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் ஆபத்தானது. இன்றைக்கு 12 இதழ் 5 டாலர் என்று சேர்கிறீர்கள் என்று வையுங்கள், அடுத்த வருடம் 30 டாலர் எடுத்தாலும் ஒப்பந்தத்தை மீறியதாகாது, அப்போதைய விலை 30. புதுப்பிக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தாலும் அது விளம்பர அட்டைபோலவே இருக்கும், மற்ற குப்பைத் தபாலோடு சேர்ந்து போய்விடும். ஸ்டேட்மென்ட்டிலும் பத்திரிகையின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றுக்கும் சந்தா வேலையைப் பார்ப்பது வேறு நிறுவனம். உதாரணமாக, ஹர்ஸ்ட் என்ற பத்திரிகைக் குழுமத்தின் சி.டி.எஸ் குளோபல் இருப்பது அயோவா மாநிலத்தின் டி மாயினில். சமையல் பத்திரிகைக்குக் கட்டிய பணம், கேள்விப்பட்டே இராத ஊர் பெயரோடு சுருக்கெழுத்தில் கிடக்கும், அதைப் பார்த்து கார்டு திருடுபோய்விட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு.

சிலர், போகட்டும், அந்தக் கார்டே அடுத்த மாதம் காலாவதி ஆகிறது, தானாக நின்றுவிடும் என்று இருந்துவிடுவார்கள். நிற்காது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே புதிய கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் வியாபாரிகளுக்குத் தானாகத் தெரிவிக்கும் சேவையை வைத்திருக்கின்றன, வங்கியும் அதில் இருந்தால் பழைய சந்தா புதிய கார்டுக்கு நடந்தே வந்துவிடும். தற்காலிக எண் தரும் கார்டுகள் இதற்குப் பரவாயில்லை, எண்ணைப் பூட்டினால் பணம் போகாது. ஆனால் பணம் போகாததும் சந்தா ரத்தாவதும் ஒன்றில்லை. இதழ் வந்துகொண்டே இருக்கும், பில் தபாலில் வரும். ரத்து என்று எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

செல்போன் வழியாகச் சேர்ந்தால் வேறொரு வழுக்கல். செயலியை நீக்கிவிட்டால் சந்தா முடிந்தது என்று நினைக்கிறார்கள், அது பாட்டுக்கு ஓடும். ஆப்பிளில் இலவசச் சோதனைக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும், கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்தால் காலம் கடந்துவிட்டது. பெரும்பாலான வெளிச் செயலிகளில் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிட்டுச் சோதனைக் காலம் முடியும் வரை படிக்கலாம், அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பத்திரிகைகள் படிக்கும் ஆப்பிள் நியூஸ் பிளஸ் மாதிரி ஆப்பிளின் சொந்தச் சேவைகளில் இப்படிச் செய்தால் அந்த நிமிடமே கதவு சாத்தப்படலாம்.

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு, இதில் நம் ரிசர்வ் வங்கியைப் பாராட்டத்தான் வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, தொடர் கட்டணத்துக்கு முதல் தடவை ஓ.டி.பி போட்டுப் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அதிலிருந்தே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் இது பொருந்தும், அந்த அக்டோபரில் எத்தனையோ வெளிநாட்டுச் சந்தாக்கள் பணம் போகாமல் அறுந்துபோனது இதனால்தான். அப்போது எல்லோரும் திட்டினார்கள். பொதுவாக 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி தேவையில்லை, பத்திரிகைச் சந்தா அதற்குள்தான் அடங்கும், ஆகவே அந்த முன் தகவல் எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிட்டால் பணம் போகும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டன. அதில் சந்தாப் பொறியும் ஒன்று, இலவசச் சந்தாவுக்குப் பணம் செலுத்தும் விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பதையே அந்தப் பொறியின் கீழ்தான் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம்கூட இவ்வளவு தூரம் போகவில்லை.

அப்பட்டமான மோசடியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதுதான் முதலில் அவர்களைத் தேடி வரும். சந்தா முடியப்போகிறது என்று பத்திரிகையிடமிருந்து வந்த மாதிரியே ஒரு பில் வரும், அனுப்பியவருக்கும் அந்தப் பத்திரிகைக்கும் சம்பந்தமே இருக்காது. ஓரிகன் மாநிலத்தை மையமாகக் கொண்டு இதைச் செய்த ஒரு கூட்டத்தின் மேல் 2016-ல் எஃப்.டி.சி வழக்குப் போட்டது. இன்னொரு வகை தொலைபேசி. 'உங்கள் சந்தாக் கட்டணத்தைக் குறைக்கிறோம்' என்று பேசிப் புதிய சந்தாக்களில் மாட்டிவிடுவார்கள். 2020-ல் மினசோட்டாவில் இந்த வகையில் 60 பேர் மேல் குற்றம் சாட்டினார்கள், சுமார் 20 வருடங்களாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் முதியவர்களிடம், 30 கோடி டாலர் கறந்ததாகக் குற்றப்பத்திரிகை. சந்தா எப்போது முடிகிறது என்பது பெரும்பாலான இதழ்களில் உங்கள் முகவரிச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். வந்த பில்லை அதோடு ஒத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

சும்மா படிக்கத்தான் ஆசை என்றால் கார்டைத் தொடவே வேண்டாம், நூலக அட்டை போதும். அமெரிக்காவின் பொது நூலகங்கள் பலவும் லிபி செயலியில் ஆயிரக்கணக்கான பத்திரிகைகளைத் தருகின்றன, சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் லிபியோடு, அதேபோல இதழ்கள் படிக்கும் பிரஸ்ரீடரும் உண்டு. இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது ஏன் இன்னும் ஜனங்கள் சோதனைக் காலம், சோதனைக் காலம் என்று ஓடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால்? முதலில் பத்திரிகையையே கேளுங்கள். இன்னும் அனுப்பாத இதழ்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவது அமெரிக்காவில் வழக்கம், 'எனக்குத் தெரியாமல் புதுப்பித்தீர்கள்' என்றால் பல சமயம் முழுசாகவே தந்துவிடுவார்கள். ரத்து உறுதி எண்ணை வாங்கிக் குறித்துவையுங்கள். மறுத்தால் கார்டு வங்கி. கிரெடிட் கார்டாக இருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும், 1974-லிருந்து இருக்கும் அமெரிக்கச் சட்டம் இது. மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்ததை இன்றைக்குக் கண்டுபிடித்தால் வங்கி உதவுவது சந்தேகம், பத்திரிகையின் தயவில்தான் இருக்கிறீர்கள். டெபிட் கார்டிலோ நேரடியாகக் கணக்கிலிருந்தோ போகிறதென்றால் அடுத்த தவணைக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு வங்கியிடம் நிறுத்தச் சொல்லலாம். ஆர்டரே செய்யாமல் தபாலில் வந்து விழுந்த பத்திரிகையாக இருந்தால் எதுவுமே செய்ய வேண்டாம். 1970-ன் அமெரிக்க அஞ்சல் சட்டப்படி கேட்காமல் அனுப்பிய பொருள் அன்பளிப்பு, பில் வந்தாலும் கட்டத் தேவையில்லை.